சிரிக்கிற முகத்தை அழுத்து

ஆஸ்பத்திரியில் யாருக்கு முதலில் வைத்தியம் என்று முடிவுசெய்யும் இயந்திரம், அம்மாவின் நெஞ்சுவலிக்குப் பச்சைச் சீட்டைத் துப்பியிருக்கிறது. பச்சை என்றால் அவசரமில்லை, உட்கார். ட்யூப் லைட் வெளிச்சத்தில் அம்மாவின் மேலுதட்டு வியர்வை எண்ணெயாக மினுங்குகிறது. நாற்காலிக் கைப்பிடியில் எவனோ ஒட்டிவிட்டுப்போன சூயிங்கம் மகளின் முழங்கையில் இழுபடுகிறது. அதைத் துடைக்கக்கூட அம்மாவின் கையை விட அவளுக்குப் பயம். சென்ட் மணக்க ஒருவன் குனிந்து டேப்லெட்டை நீட்டுகிறான். திரையில் சிரிக்கிற முகம் ஒன்று, அழுகிற முகம் ஒன்று. “சீட்டு குடுக்கிற மெஷின் சொல்றதை நம்புறீங்களாம்மா? சும்மா ஒண்ணை அழுத்துங்க.” “அம்மாவுக்கு மூச்சு வாங்குது சார், டாக்டரைக் கூப்பிடுங்க.” “அது என் வேலை இல்ல பாப்பா. நம்பிக்கையை அளக்கத்தான் என்னை அனுப்பியிருக்காங்க.” மகளின் விரல் அழுகிற முகத்துக்குப் போகிறது. அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள். “அடி கிறுக்கி, அந்த மெஷினுக்குத் தெரிஞ்சா நம்மளக் கடைசியில தள்ளிடும்.” “அந்த மெஷின் வேற, இது வேறம்மா.” “நீ கண்டியா? சிரிக்கிறதை அழுத்துடி, என் தங்கம்ல.” அம்மாவின் வியர்த்த விரல் திரையில் வழுக்குகிறது. மகளே சிரிக்கிற முகத்தை அழுத்துகிறாள். திரையில் வண்ணக் காகிதங்கள் பறக்கின்றன. “காலையிலேருந்து எல்லாருமே சிரிப்புதான்!” அவன் பூரித்துப்போய் அடுத்த நாற்காலிக்கு நகர்கிறான். அம்மா சொன்னதையெல்லாம் கேட்டிருந்த, அந்த நாற்காலியிலிருக்கும் பெரியவர், வயிற்றைப் பிடித்துச் சுருண்டபடியே, அவன் வாய் திறக்கும் முன் சிரிக்கிற முகத்துக்கு விரலை நீட்டுகிறார்.