ஒரு ஜோடி கையுறை

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. கடப்பாரை பேசுகிற கதை இது. பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவதும் ஒரு கையைப் பற்றித்தான்.

முதல் அடி தகரக் கதவில் விழுந்தது. அடுத்த அடியில் கதவே உள்ளே விழுந்தது.

கங்கைகொண்ட சோழபுரம் தாண்டி, முந்திரிக்காட்டு ஓரத்தில் இருந்த கொட்டகை அது. கொட்டை உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து சுவரோடு ஒண்டினார்கள்.

நுழைந்தவர்களின் கடப்பாரைகளில் வெள்ளையாக ஏதோ வழிந்தது. பக்கத்து ஊர்க் கொட்டகையில் பொம்மைகளை உடைத்துவிட்டு நேரே இங்கே வந்திருந்தார்கள்.

பொம்மை என்றால் பிள்ளைகள் விளையாடுவது இல்லை. சேலை கட்டி, பேசி, சிரிக்கிற எந்திரப் பெண்கள். பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தாலும் வித்தியாசம் தெரியாது. அவர்கள் வர வர, முதலாளிகள் மனுஷிகளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். முன்னால் நின்ற மணிமாறனின் பெண்சாதியையும் அப்படித்தான் நிறுத்தியிருந்தார்கள்.

அதனால் அவன் ஓர் அடையாளம் கண்டுபிடித்து வைத்திருந்தான். கொட்டை ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து, கறுத்து, உரியும். விலை கொடுத்து வாங்கிய பொம்மையின் தோல் கெடக் கூடாதென்று முதலாளிகள் அதற்குக் கையுறை போட்டுவிடுவார்கள். மனுஷிக்கு யார் போட்டுவிடுவார்கள்?

"கையக் காட்டுங்கடி."

காட்டினார்கள். எல்லாம் கறுத்த கைகள்.

வெற்றிச்செல்வியின் கை எல்லாவற்றையும்விட மோசம். விரல் நுனியெல்லாம் தோல் சுருண்டு கிடந்தது. அதைப் பார்த்ததும் மணிமாறனின் குரல் தணிந்தது.

"எங்க ஆத்தா கை மாதிரியே இருக்கு. நீ வூட்டுக்குப் போக்கா."

அவள் போகவில்லை. அடுத்து நின்றவள் மேகலா.

மேகலாவுக்கு ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை வளைகாப்பு. இந்தக் கறுத்த கையோடு எப்படி மனையில் உட்காருவேன் என்று தை மாதத்தில் ஒருநாள் அழுதாள். மறுநாளே, அப்போதுதான் புதிதாக வேலைக்கு வந்திருந்த வெற்றிச்செல்வி ஒரு ஜோடி கையுறையைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஏது என்று கேட்டதற்குச் சிரித்தாள். அதற்குக் கைம்மாறாக மேகலா நீட்டிய சோற்றை மட்டும் ஒருநாளும் வாங்கியதில்லை. தினம் ஒரு விரதம் சொல்வாள். எந்தச் சாமிக்குத்தான் இத்தனை விரதமோ என்று மேகலா கேலி செய்வாள்.

இப்போது அந்தக் கைகள் தோல் மாறி, கல்யாணப் பெண்ணின் கைகள் போல் இருந்தன.

மணிமாறன் ஒன்றை எட்டிப் பிடித்து முறுக்கினான். கண்ணாடி வளையல்கள் நொறுங்கின.

கூட வந்த கலைவாணன் அவளுடைய பையைக் கவிழ்த்தான். தூக்குவாளி உருண்டது. பின்னாலேயே கையுறைகள் விழுந்தன.

"பாத்தியாடா, வயிறும் வச்சில்ல அனுப்பியிருக்கானுவ."

அவள் மனுஷிதான் என்று பெண்கள் கத்தினார்கள். அங்கேயும் இப்படித்தான் கத்தினாளுங்க என்று சொல்லிக்கொண்டே கலைவாணன் கடப்பாரையை இரண்டு கையாலும் தூக்கினான். அதன் முனை மேகலாவின் வயிற்றுக்கு நேரே இருந்தது.

வெற்றிச்செல்வி ஏதோ சொன்னாள். அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

பக்கத்தில் கொட்டை உடைக்கும் எந்திரம் இருந்தது. காலால் மிதித்தால் இரண்டு கத்திகள் கூடும். கொட்டை வைக்கிற இடத்தில் தன் சுட்டுவிரலை வைத்தாள். மிதித்தாள்.

அந்தச் சத்தம் முந்திரிக்காட்டில் எல்லோருக்கும் தெரியும். கொட்டை பிளந்தால் ஒரு சத்தம், விரல் போனால் வேறு சத்தம். கடப்பாரை அப்படியே நின்றது.

விரல் ஓட்டுக் குவியலில் விழுந்து கிடந்தது. அது இருந்த இடத்திலிருந்து வெள்ளையாக ஒழுகியது. கடப்பாரைகளில் வழிந்த அதே வெள்ளை.

"அது என்னோட உறைங்க. மொதலாளி எனக்குத் தந்தது. நாந்தான் அவளுக்குக் கொடுத்தேன்."

மணிமாறன் தன் பிடியைக் குனிந்து பார்த்தான். உடைந்த வளையல் மேகலாவின் மணிக்கட்டைக் கிழித்திருந்தது. அவன் விரலிடுக்குகளில் எல்லாம் சிவப்பு. இவ்வளவு நேரமும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தான்.

கையை விட்டான்.

ஆனால் தூக்கிய இரும்பு எங்கேயாவது இறங்கத்தானே வேண்டும். அக்கா என்று கூப்பிட்டவனே கலைவாணனிடமிருந்து அதைப் பிடுங்கினான். முதல் அடி வெற்றிச்செல்வியின் தோளில். அடுத்தது முழங்காலில். விழுந்த பிறகு மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தாடை ஒரு பக்கம் போனது. ஒரு கண் உள்ளே போனது. அவள் ஒரு அடியையும் தடுக்கவில்லை. மிச்சமிருந்த கறுத்த கையால் மேகலாவை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தாள், அந்தக் கையும் நசுங்கும் வரைக்கும்.

"பொம்மதானடா, அதுக்கு வலிக்கவா போவுது," என்றான் ஒருவன்.

முந்திரிமரங்களுக்கு நடுவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிய மேகலாவுக்கு அது கேட்டது.

கையுறை கொடுத்த அன்று சாயங்காலம் அவள் ஒன்றைப் பார்த்திருந்தாள். யாரும் இல்லாத கொட்டகைப் பின்பக்கம். தண்ணீர்த் தொட்டி. அதில் இரண்டு கையையும் முழங்கை வரை முக்கியபடி, பல்லைக் கடித்துக்கொண்டு வெற்றிச்செல்வி உட்கார்ந்திருந்தாள். எரியுதாக்கா என்று இவள் கேட்டதும் சட்டென்று கையை எடுத்து முந்தானையில் மறைத்துக்கொண்டாள்.

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டு வளையல்கள் நொறுங்காமல் இருக்கட்டும். அடுத்தவர் கை வேகாமல் பார்த்துக்கொள்கிற ஒரு கை உங்கள் வீட்டில் எப்போதும் இருக்கட்டும்.

அந்தக் கையும் வேகாமல் இருக்கட்டும்.