ஆளுயரச் செடி

கலைவாணியின் கம்பெனிக்கு எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைத்தவைதான். லோகோ, மின்னஞ்சல், பில் போடும் செயலி, கடைசியாக ஆபீஸும். வீடியோ அழைப்பில் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். அவள் முதுகுக்குப் பின்னால் கொடியில் காயும் துணிகளும் கேஸ் அடுப்பும் மறைந்து, கண்ணாடிச் சுவரும் நீல சோபாவும் ஆளுயரச் செடியும் வந்துவிடும்.

முதல் வாடிக்கையாளர் இன்று பேசுகிறார். ஊறுகாய் ஏற்றுமதி செய்யும் பிச்சையா. இவர் சரி என்றால்தான், இருந்த வேலையை விட்டவள் வீட்டில் தலைநிமிர முடியும்.

திரையில் பிச்சையா வந்தார். அவருக்குப் பின்னாலும் அதே கண்ணாடிச் சுவர், அதே சோபா, அதே செடி.

கலைவாணி தன் செடியையும் அவர் செடியையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"ஆபீஸ் அம்சமா இருக்கு சார்," என்றாள் கலைவாணி.

"உங்களுதும்தாம்மா." அவர் செடியை உற்றுப் பார்த்தார். "யாரு தண்ணி ஊத்துறா?"

"நான்தான் சார். டெய்லி."

"அதானே பார்த்தேன். இங்கயும் பச்சைப்பசேல்னு இருக்கு."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, எந்த ஊறுகாய்ப் பெட்டி எந்த வண்டியில் போகிறது என்பதைத் தன் செயலி எப்படிக் காட்டும் என்று விளக்கத் தொடங்கினாள். பாதியில் குக்கர் விசிலடித்தது.

"ஒரு நிமிஷம் சார், செடிக்குத் தண்ணி ஊத்திட்டு வந்துடுறேன்."

அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். திரையில் பிச்சையாவைக் காணோம். சோபாவும் செடியும் மட்டும் இருந்தன. அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு விசில் அடங்கிக்கொண்டிருந்தது.

"இருங்கம்மா, வந்துட்டேன்," என்று அவர் குரல் மட்டும் கேட்டது. "நாளையிலேர்ந்து முறை வச்சு ஊத்திக்கலாம்."