வீட்டில் யாரும் இல்லை

"வீட்ல யாரும் இல்ல சார்."

மூடிய கதவுக்கு வெளியே சோற்றுத் தட்டோடு நின்றவருக்கு, அது மகனின் குரல்தானா என்று சந்தேகம் வந்தது.

யாரும் இல்லையாம்.

காலையிலிருந்து அவர் இந்தக் கூடத்தில்தான் இருக்கிறார். மனைவி தென்காசிக்குத் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருப்பதால் சமையலும் அவர்தான்.

கதவைத் தட்டக் கையை எடுத்தார்.

"யெஸ் சார். ஸாரி சார்."

எடுத்த கை அப்படியே நின்றது.

மகன் மகிழ்வண்ணன் யாரையும் சார் என்று சொல்லி அவர் கேட்டதில்லை. வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்ப்பவன். மேலதிகாரியை, தகப்பன் வயதுக்காரரை, 'ரகு' என்று பேர் சொல்லிக் கூப்பிடுவான். கேட்டால், "அதெல்லாம் ஒங்க காலம்ப்பா" என்பான். அவரோ நூற்பாலையில் சூப்பர்வைசராக இருந்து, முதலாளியின் கார் சத்தத்துக்கே எழுந்து நின்றவர். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பயமே கிடையாது என்று மில் நண்பர்களிடம் குறைபட்டுக்கொள்வார். கொஞ்சம் பெருமையாகவும்.

மகனுக்கும் அவரைப் பற்றி ஒரு தீர்மானம் உண்டு. போனில் எது வந்தாலும் நம்பிவிடுகிற ஆள்.

தட்டைத் தரையில் வைத்தார். கொல்லைப்புறமாகச் சுற்றிப் போனார். அறையின் ஜன்னல் ஒருக்களித்திருந்தது.

மகன் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். இரண்டு உள்ளங்கைகளும் மேஜைமேல். லேப்டாப் திரையில் காக்கி உடுப்பில் ஒரு ஆள். தோளில் நட்சத்திரங்கள். பின்னால் தேசியக் கொடி.

போலீஸ்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

என்ன செய்து தொலைத்தான்?

விடிய விடிய விழித்திருக்கிறான். மாற்றி மாற்றிப் பார்சல் வருகிறது. என்னவென்று கேட்டால் பதில் கிடையாது. பேப்பரில் படித்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. போதை மருந்து. சூதாட்டம். ஏதாவது பெண் விவகாரம்.

ஒவ்வொன்றிலும் மகனின் முகத்தை வைத்துப் பார்த்தார்.

எல்லாவற்றிலும் பொருந்தியது.

உள்ளே மகன் பள்ளிக்கூடத்துப் பையனைப்போல் ஒரு விரலைத் தூக்கினான்.

"பாத்ரூம் போகணும் சார்."

"அசையக் கூடாது" என்றது திரை. "கை மேஜை மேல."

விரல் இறங்கியது.

மகனின் முழங்கால்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டன. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன. பிறகு தளர்ந்தன. நாற்காலிக் காலோரம் ஈரம் இறங்கித் தரையில் பரவியது.

அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கைகள் மேஜைமேல் அப்படியே இருந்தன.

எப்படிக் கூடத்துக்கு வந்தார் என்று அவருக்குத் தெரியாது. சுவரில் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த இன்டர்நெட் பெட்டியின் வயர்களைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார்.

உள்ளே சத்தம் நின்றது.

கதவு திறந்தது.

"நீங்களா புடுங்குனீங்க? ஏன்ப்பா... அவங்க வந்துருவாங்கப்பா."

உதடு வெளுத்திருந்தது. சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. அவன் பேரில் ஏதோ பார்சல் பிடிபட்டதாம். உள்ளே போதை மருந்தாம். கேமரா முன்னாலிருந்து எழுந்தால் கைதாம்.

"நான் எதுவும் அனுப்பலப்பா. வீட்ல இருக்கவங்களையும் சேத்துத் தூக்குவோம்னான். அதான் யாரும் இல்லன்னேன்."

அவர் வாயைத் திறப்பதற்குள் மகனின் செல்போன் அடித்தது.

மகன் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

போனை அவர் எடுத்தார். அதே குரல். கத்தியது. அரெஸ்ட் என்றது, டெல்லி என்றது. 

"சார், நான் அவனோட அப்பா பேசுதேன் சார். சின்னப் பையன். ஏதோ புத்தி கெட்டுச் செஞ்சுட்டான். மன்னிச்சிருங்க சார். நானே கூட்டிட்டு வாரேன். பாளையங்கோட்டை ஸ்டேஷன் எங்களுக்குப் பக்கந்தான். இப்பவே ஆட்டோ புடிச்சு வந்துருதோம்."

அவர் சாமர்த்தியம் பண்ணவில்லை, மெய்யாகத்தான் சொன்னார். சட்டையைக்கூடத் தேடத் தொடங்கியிருந்தார்.

மறுமுனை ஒரு கணம் தடுமாறியது.

"ஸ்டேஷனுக்கெல்லாம் வராதே. யார்கிட்டயும் சொல்லாதே. வீடியோவுல வா."

"இல்ல சார், நேர்லயே வந்து கால்ல விழுந்துருதோம். எந்த ஸ்டேஷன்னு மட்டும் சொல்லுங்க."

ஒரு கெட்ட வார்த்தை. பிறகு இணைப்பு அறுந்தது.

மகன் போனை வாங்கித் திருப்பிக் கூப்பிட்டான். அந்த எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இன்னொரு முறை கூப்பிட்டான். திரையையே பார்த்தான்.

"போலி" என்றான்.

"என்னது?"

"போலீஸே இல்லப்பா. எவனோ ஏமாத்துக்காரன்."

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மூச்சு வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. அடக்கமாட்டாமல் சிரித்தார்.

மகன் சிரிக்கவில்லை.

ஈர உடையோடு, நடுக்கூடத்தில் நின்று அவரையே பார்த்தான்.

"புத்தி கெட்டுச் செஞ்சுட்டான்னு சொன்னீங்க."

அவர் சிரிப்பை நிறுத்தினார்.

ஒரு பேச்சுக்குச் சொன்னேன் என்று சொல்லலாம். பயத்தில் வாய் உளறியது என்று சொல்லலாம். இரண்டும் நாக்கு நுனிவரை வந்தன. மகனின் கண் அவரைவிட்டு அகலவில்லை. காக்கிச் சட்டைக்காரனைப் பார்த்தபோது வராத வேர்வை இப்போது அவர் கழுத்தில் வழிந்தது.

"குளிச்சிட்டு வாய்யா" என்றார். "சாப்பிடுவோம்."

மகன் தலையாட்டினான். அறைக்குள் போனான். கதவு சாத்திக்கொண்டது.

அவர் எழுந்து போய்க் கதவருகே நின்றார்.

தாழ்ப்பாள் விழுகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.