சாயங்கால வரி

"நெஞ்சைத் திறந்துதான் ஆகணும் டீச்சரம்மா. எனக்கு வேற வழி தெரியலை."

டாக்டர் ஸௌரிராஜன் இப்படிச் சொன்னதும் பொன்னியம்மாள் திகைத்துப்போய்க் கணவனைப் பார்த்தாள். கணவன் கங்கையா டாக்டரைப் பார்த்தான். டாக்டரோ மேஜைமேல் கிடந்த நோட்டைப் பார்த்தார். மூன்று பேருக்குமே தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பொன்னியம்மாள் நகரிக்குப் பக்கத்து ஊரில் தமிழ்ப் பள்ளிக்கூட டீச்சர். அவளுக்கு வந்திருந்தது லட்சத்தில் ஒருத்தருக்கு வருகிற நோய். காலையில் தெம்பாக இருக்கும் உடம்பு, பொழுது சாயச் சாயத் தளர்ந்துவிடும். கண் இமை தானாக இறங்கும். கையில் பிடித்த சாக்பீஸ் நழுவி விழும். நாலு மாதம் முன்பு கங்கையா பயந்துபோய் அவளைத் திருப்பதியில் இந்த டாக்டரிடம் கூட்டிவந்தான்.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். கூடவே ஒரு நோட்டும் கொடுத்தார். தினமும் காலையில் ஒரு வரி, அதற்குக் கீழே சாயங்காலம் ஒரு வரி. உடம்பு எப்படி இருக்கிறதென்று அதில் எழுதி மாதா மாதம் கொண்டுவர வேண்டும். வந்தவர்கள் மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவார்கள். பொழுது சாய்ந்தபின் அவள் எப்படி இருக்கிறாள் என்பதை டாக்டர் கண்ணால் கண்டதே இல்லை. அதற்கு நோட்டுதான் சாட்சி.

ஒன்றை மட்டும் அவர் அவர்களிடம் சொல்லவில்லை. அவர் பார்ப்பது எழுதியிருக்கும் சமாசாரத்தை அல்ல, கையெழுத்தை. சமாசாரம் எப்போதும் நல்லதாகத்தான் இருக்கும், டாக்டருக்குப் பயந்து எல்லோரும் சுகம் என்றுதான் எழுதுவார்கள், கைக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நர்ஸ் வெங்கடம்மாவிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார். விஷயம் தெரிந்தால் டீச்சர் மெனக்கெட்டு அழகாக எழுதிவிடுவாள் என்று அதை மறைத்தும் வைத்திருந்தார்.

நோட்டில் நாலு மாதமாக ஒரே கதை. 'இன்று கை தளரவில்லை. கண் இமை இறங்கவில்லை.' காலை வரி அச்சடித்ததுபோல் இருந்தது. அதே வார்த்தைகள்தான் சாயங்கால வரியிலும். ஆனால் எழுத்துகள் தள்ளாடின. சில கோட்டுக்கு மேலே ஏறின, சில கீழே வழுக்கின.

முதல் தடவை மாத்திரையைக் கூட்டியதும் சாயங்கால எழுத்து கொஞ்சம் நிமிர்ந்தது. டாக்டருக்குச் சந்தோஷம். மறுபடி கூட்டினார். எழுத்து இன்னும் கொஞ்சம் தேறியது. ஆனால் பொன்னியம்மாளுக்கு வயிற்றைப் பிசைந்தது, வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. இதற்குமேல் மாத்திரையைக் கூட்டினால் உயிருக்கே ஆபத்து. பாக்கி இருப்பது, மெட்ராஸுக்கு அனுப்பி, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் சுரப்பியை அறுத்தெடுப்பது ஒன்றுதான்.

"சாயங்காலம் நான் நல்லாத்தான் கீறேன் டாக்டர்" என்றாள் பொன்னியம்மாள். "அடுப்பு வேலைய முடிச்சிக்கினு ஒரு மணி நேரம் பாடம்கூடச் சொல்லிக் குடுக்கறேன். வவுத்து வலி ஒண்ணுதான்."

"நோட்டு அப்படிச் சொல்லலையே."

"நல்லா இருக்கறதாத்தானே தெனம் எழுதியிருக்குது?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பரிசோதித்துப் பார்த்தால் குத்துக்கல் மாதிரி இருக்கிறாள். நோட்டைப் பிரித்தால் எழுத்து விழுந்து கிடக்கிறது. எதை நம்புவதென்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில் நோட்டைத்தான் நம்பினார்.

ஆபரேஷனில் ஆபத்து உண்டா என்று கங்கையா தயங்கித் தயங்கிக் கேட்டான். இல்லையென்று சொல்லமாட்டேன் என்றார் டாக்டர். கங்கையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிழைக்கவேண்டும் என்றால் செய்துதானே ஆக வேண்டும் என்று முணுமுணுத்தான். பொன்னியம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது.

சம்மதக் கடிதம் தயாரானது. புருஷன் கையெழுத்துப் போட வேண்டும். வேட்டியும் துண்டுமாக வந்த ஆளைப் பார்த்து, வெங்கடம்மா வழக்கம்போல மைப்பெட்டியைத் திறந்து வைத்தாள்.

கங்கையா அதை ஒரு விரலால் தள்ளினான். "பேனா குடும்மா."

காகிதத்தின்மேல் குனிந்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான். முதல் எழுத்து முடியவே வெகுநேரம் பிடித்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று எட்டிப் பார்த்த டாக்டர் அப்படியே நின்றுவிட்டார். கால் நீண்டு இழுத்துக்கொண்ட 'க'. கோட்டை விட்டு மேலே ஏறுகிற 'யா'.

நோட்டை வெடுக்கென்று எடுத்து, சாயங்கால வரியைக் கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அங்கே 'கை'. இங்கே 'கங்கையா'. அதே கால், அதே இழுப்பு.

"டீச்சரம்மா, சாயங்கால வரியை எழுதறது யாரு?"

"இவருதான் டாக்டர்" என்றாள் பொன்னியம்மாள். "எங்க ஊர மெட்ராஸோட சேக்கச் சொல்லி எழுதின எல்லைத் தகராறு மனுவுல, டீச்சர் புருஷன் கைநாட்டு வெக்கறான்னு ஊரே சிரிச்சிது. அதான் பள்ளிக்கூடத்துக் காப்பி நோட்டுல எழுதற மாதிரி, காலையில நான் மேல எழுதி வெப்பேன், சாயங்காலம் அதப் பார்த்து இவரு கீழ எழுதுவாரு. மொதல்ல இருந்ததுக்கு இப்ப நல்லாத் தேறிட்டாரு, இல்ல?"