வடக்கு முகட்டில் இரண்டு பேர்

"சுட்டுத் தொலைச்சிடாதீங்க! இங்க கிடக்கிறது மனுஷன்!"

பெரணிப் புதருக்குள் மல்லாந்து கிடந்தபடி லையல் அலறினார்.

புதர் விலகியது. துப்பாக்கியோடு மேட்டிலிருந்து எட்டிப் பார்த்தவர் அவருடைய தங்கை கணவர் திப்பெனே.

"மச்சான்? நீயா?"

லையலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காலையில் ஈரக் கட்டை ஒன்றை மிதித்து வழுக்கி விழுந்ததில் வலது கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. நாலு மணி நேரமாக இந்தப் பள்ளத்தில் தனியாகக் கிடக்கிறார். செல்போன் வேலை செய்யாத காடு. திப்பெனேயைக் கட்டிக்கொண்டு அழலாம் போலிருந்தது. அடுத்த நொடியே சந்தேகம் வந்துவிட்டது.

"ஆமா, நீ எங்கடா இங்க? முதுகு வலி, இந்த வாரம் வேட்டைக்கு வரலைன்னு முனகினியே?"

"இப்ப தேவலை. நீ மட்டும் என்னவாம்? குடில் நோட்டுல வடக்கு முகடுன்னு எழுதி வெச்சுட்டு இங்க வந்து கிடக்கிறே?"

லையல் அவசரமாகக் கணுக்காலைத் தடவ ஆரம்பித்தார்.

ஏப்ரல் மாதம் கலைமான்கள் ஜோடி தேடிக் கத்தும் காலம். நியூசிலாந்தில் பாதி ஆண்பிள்ளைகள் சனி, ஞாயிறு காட்டில்தான் கிடப்பார்கள். எந்தப் பக்கம் போகிறோம் என்பதைக் குடிலில் இருக்கும் நோட்டில் எழுதிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். ஒருவர் எழுதிய பக்கம் இன்னொருவர் தலைவைத்தும் படுக்க மாட்டார். புதர் அசைந்தாலே சுடுகிற அவசரக் குடுக்கைகளுக்கு எந்தக் காட்டிலும் பஞ்சமில்லையே. ஆள் வீடு திரும்பாவிட்டால் தேடி வருகிறவர்களும் அந்த நோட்டைப் பார்த்துத்தான் வருவார்கள்.

அந்த நோட்டில் லையல் ஏழு வருடமாகப் பொய்தான் எழுதுகிறார். இந்த விலாங்கு ஓடைப் பள்ளம் அவருடைய பரம ரகசியம். காது கிழிந்த கலைமான் ஒன்று, பன்னிரண்டு கிளைக் கொம்போடு, ஏழு வருடம் முன்பு இங்கேதான் அவர் கண்ணில் பட்டது. அதற்கப்புறம் ஒரு குட்டிகூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். ஆபத்துக்கு அழுத்துகிற கருவியைக்கூட அவர் கொண்டுவருவதில்லை. அழுத்தினால் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடுமே!

"பேச்சு அப்புறம். போய் நாலு பேரைக் கூட்டிட்டு வா. அதுக்கு முன்னாடி கொஞ்சம் தண்ணி குடு. மெதுவா இறங்கு, அந்தக் கட்டையை மட்டும்..."

திப்பெனே அந்தக் கட்டையைத்தான் மிதித்தார்.

"சொன்னேன்ல!"

"விழுந்தப்புறம் சொன்னே!" முழங்காலைப் பிடித்துக்கொண்டு உருண்டார் திப்பெனே. எழுந்து நிற்கப் பார்த்தார். முடியவில்லை.

மழை தூற ஆரம்பித்தது. இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, திப்பெனே கொண்டுவந்திருந்த பழக் கேக்கைப் பிட்டுத் தின்றார்கள்.

"பரவாயில்லை விடு," என்றார் லையல். "நீயாவது விலாங்கு ஓடைன்னு எழுதியிருப்பே. உன்னைத் தேடி வந்தா நானும் தப்பிச்சேன்."

திப்பெனே மெல்லுவதை நிறுத்தினார்.

"எழுதினியா, இல்லையா?"

"நானும் வடக்கு முகடுன்னுதான் மச்சான் எழுதினேன்."

"அடப்பாவி! ஏன்டா?"

"அஞ்சு வருஷமா அதைத்தானே எழுதறேன்! நிஜத்தை எழுதினா ஊரே இங்க வந்து நிக்காதா? நீ முகட்டுல இருக்கேன்னு நம்பித்தான்டா இன்னிக்கு வந்தேன். இப்படியா பொய் எழுதுவான் ஒரு மனுஷன்?"

"நீ பேசாதே! அஞ்சு வருஷத்துல எதையாவது சுட்டியா?"

"நீ?"

இருவரும் மழையைப் பார்த்தார்கள்.

லையலுக்கு இப்போது நிஜமாகவே பயம் வந்தது. வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி ஆறிப்போயிருக்கும். அவர் அந்தச் சாப்பாட்டைத் தவறவிட்டதே கிடையாது. மனைவி கொலீன் இந்நேரம் போலீசுக்கு போன் பண்ணியிருப்பாள். ஆனால் எங்கே தேடுவார்கள்?

மூன்று மணிக்கு ஹெலிகாப்டர் வந்தது. நேராக வடக்கு முகட்டுக்குப் போனது. இவர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள், ஆபத்துக்கு அடையாளமாக மூன்று மூன்றாக வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். அது அங்கேயே வட்டமடித்துக்கொண்டிருந்தது.

"என் பொய்க்கு மேலேயே சுத்துதுடா," என்று லையல் விம்மினார். "இந்தத் தடவை பிழைச்சா இனிமே நோட்டுல நிஜத்தைத்தான் எழுதுவேன்."

"முதல்ல பிழை."

ஒரு மணி நேரம் கழித்து அது இந்தப் பக்கம் திரும்பியது. மீட்புக் குழுப் பெண் ஒருத்தி கயிற்றில் இறங்கி வந்து, இரண்டு பேருக்கும் கட்டுப் போட்டாள்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"உங்க வீட்டம்மாதான். நோட்டுல என்ன எழுதியிருந்தாலும் விலாங்கு ஓடைல பாருங்க, ஏழு வருஷமா தூக்கத்துல அதைத்தான் உளர்றாருன்னாங்க."

திப்பெனே சிரித்தார். லையலுக்குச் சுருக்கென்றது.

"அப்ப முதல்லயே இங்க வந்திருக்கலாமே?"

"நோட்டுல இருக்கிற இடத்தைப் பார்த்துட்டுத்தான் அண்ணே மத்த இடம். முகட்டுல இறங்கலாம்னா இறங்கவே முடியல. அதான் லேட்."

"முகடு வெறும் புல்வெளியாச்சே?"

"புல்லு எங்க தெரிஞ்சுது, எல்லாம் மானு! பல வருஷமா ஒரு வேட்டைக்காரர்கூட அந்தப் பக்கம் போகல போல, ஒண்ணுக்கும் பயமே இல்ல. நட்ட நடுவுல ஒரு பெரிய கொம்புக்காரன், காது கிழிஞ்சவன், நாங்க தலைக்கு மேல சுத்தறதைப் பார்த்துக்கிட்டே படுத்திருந்தான். கடைசிவரைக்கும் எழுந்திருக்கவே இல்ல அண்ணே!"