சொர்க்கத்துக்கு ஆளெடுப்பு

"சொர்க்கத்துல நாங்க பர்மனென்டா, கான்ட்ராக்டாண்ணே?" என்று கேட்டான் பீர்மைதீன்.

வந்தவர் தடுமாறினார். தாடி, சுர்மா தீட்டிய கண், தணிந்த குரல். அபு என்று மட்டும் பேர் சொல்லிக்கொண்டு, கால்மணி நேரமாகப் புனிதப் போருக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய் இப்டி கேக்குற? பர்மனென்ட்தான்."

"இல்ல, இங்க பதினோரு மாசத்துல நிப்பாட்டிட்டு, புதுசா எடுக்க மாதிரி எடுப்பாவ. அதான் கேட்டேன். அங்க ஆளெடுக்கது நேரா அல்லாவா, நடுவுல ஏஜென்சி இருக்கா?"

அபு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

கடையநல்லூரிலிருந்து ஒரகடத்துக்குப் பிழைக்க வந்த பீர்மைதீனுக்குப் போன வாரம்தான் வேலை போயிருந்தது. வடக்குப்பட்டில் அவன் குடியிருந்த லைன் வீட்டுக்குக் குழாய் கிடையாது. அங்கே போர்வெல் தண்ணீரும் சாக்கடையும் சம்பந்தியாகி வெகுநாள் ஆயிற்று. மகளுக்கு இரண்டாம் முறையாக மஞ்சள்காமாலை. உள்ளே சுருண்டு கிடந்தாள். குழாய் கேட்டு மூன்று வருஷமாக மனு எழுதுகிறான். வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.

"பாத்தியா! கம்பெனி உன்ன தொரத்திச்சு, ஆபீசு உன் மனுவ சீண்டல. உனக்கு நாங்கதான் கீறோம். கோவம் வர்ல?"

"வருது. கூடவே தண்ணியும் வருமா?"

"இன்னாய்யா தண்ணிலயே நிக்குற? சொர்க்கத்துல ஆறே ஓடுதுன்றேன்!"

"அங்கேருந்து வடக்குப்பட்டுக்குப் பைப் போட்டுத் தருவாவளான்னு கேளுங்க" என்றாள், உள்ளிருந்து அவன் மனைவி செய்யதலி பாத்திமா.

அபுவுக்குப் பொறுமை போய்விட்டது. "கடைசியா கேக்குறேன். சேர்றியா, இல்லியா?"

பீர்மைதீன் உள்ளே போய் ஒரு தாளோடு வந்தான். "மொதல்ல இதுல நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க சார்."

'சார்' என்றதும் அபுவின் முகம் வெளுத்தது. தாளில் 'குடிநீர்க் குழாய் வேண்டி' என்றிருந்தது. அடியில் 'மனுவைப் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி இடம் விட்டிருந்தது.

"நான் போலீசுன்னு எப்டிய்யா கண்டுபுடிச்ச?"

"போன மாசம் நெசமாவே ஒருத்தன் ஆள் புடிக்க வந்தான் சார். வாயத் தொறக்குமுன்ன இருபது கேன் நல்ல தண்ணி எறக்குனான். எதிர் ரூம்காரன் அவன் பின்னாலயே போயிட்டான். நீங்க வெறுங்கைய வீசிக்கிட்டு வந்தீங்க. கவருமெண்டு ஆளுன்னு அப்பமே தெரிஞ்சுபோச்சு."