அடிமாட்டு விலைக்கு ஒரு பிளிமத்

"தும்மித் தொலைக்காதே!"

கோமளம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். புதுப் பெயின்ட் வாசனை அவளுக்கு ஆகாது. ஆனால் அறுபதாம் கல்யாணத்துக்குக் கிளம்பி, கணவர் சீனிவாசராகவன் வலது காலைத் தூக்கிக் காருக்குள் வைக்கிற நேரத்தில் மனைவி தும்மினால் அவருடைய மிச்ச ஆயுள் என்னாவது?

முப்பத்தைந்து வருஷமாக அந்த ஆயுளுக்கு அவள்தான் காவல். அவர் வெளியே கிளம்பும்போது 'எங்கே' என்று கேட்டதில்லை. குறுக்கே பூனை போனால் திட்டு பூனைக்கு அல்ல, அவளுக்கு. கணவனை இழந்த தன் சொந்தத் தங்கையைக்கூட, எதிரே வந்துவிடப் போகிறாள் என்று விடியுமுன்பே ஆட்டோவில் ஏற்றி மண்டபத்துச் சமையல்கட்டுக்கு அனுப்பிவிட்டார்.

தும்மலை விழுங்கிவிட்டுக் கோமளம் முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்தால் அவருடைய மாலை கசங்கிவிடுமாம்.

அது ஐம்பத்தாறாம் வருஷத்துப் பிளிமத் ஸ்டேஷன் வேகன். கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போன பிள்ளை அனுப்பும் கார் பத்திரிகைகளைப் படித்து, ஓய்வு பெற்ற இரண்டே வருஷத்தில் சீனிவாசராகவன் பழைய கார் நிபுணராகியிருந்தார்.

"எல்லாரும் இம்பாலா, காடிலாக்னு அலையறா. யாரும் திரும்பிப் பாக்காத அமெரிக்க வண்டியை அடிமாட்டு விலைக்குப் பிடிக்கறான் பாரு, அவன்தான்டீ ரசிகன்" என்பார். தன்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன அன்றும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பாரோ என்று கோமளத்துக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில், டோரதி என்கிற விதவையின் ஷெட்டில் வண்டி தூசி படிந்து கிடந்தது. வாங்கப் போன அன்று அந்த அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்துக்கொண்டே இருந்தாள்.

"என் வீட்டுக்காரரு தொழிலுக்கு வெச்சிருந்த வண்டி சார். பெரிய பெரிய ஆளுங்கல்லாம் இதுல போயிருக்காங்க. ஜட்ஜு, பிஷப்பு, கர்னலுங்க... அவரு தொழில் என்னான்னா..."

"தொழில் எதுவானா எனக்கென்னம்மா? எஞ்சின் ஓடறதா, அதைச் சொல்லுங்கோ."

"ஓடும் சார். ஆனா அப்புறம் நான் சொல்லலேன்னு இருக்கக் கூடாது..."

"ஏன்னா, அவா ஏதோ சொல்ல வரா. கேட்டுத்தான் பாருங்கோளேன்" என்றாள் கோமளம்.

"நீ சும்மா இரு. பிளிமத்தைப் பத்தி எனக்கே பாடமா?"

ஓட்டிப் பார்க்கத் தெருமுனையில் திரும்பினார்கள். நடந்து போய்க்கொண்டிருந்த கிழவர் ஒருவர் நின்று, தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, வண்டி தாண்டும்வரை அசையாமல் இருந்தார். சீனிவாசராகவன் வேகத்தைக் குறைத்து அவருக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

"பாத்தியாடீ மரியாதையை! கன்டோன்மென்ட்காராளுக்குத்தான் காரோட அருமை தெரியும்."

அதன்பின் ஆடுகோடியில் ஒரு கார்ப் பட்டறையில் மாதக்கணக்கில் வேலை நடந்தது. கறுப்பு வண்டி சந்தன நிறமாயிற்று. பம்பர் பளபளத்தது, ஹாரன் மாறியது, பின்னால் சிவப்பு ரெக்சினில் ஒரு சீட்டு முளைத்தது. தன் ஆயுசுக்கு நடக்கும் ஹோமத்துக்கு இந்த வண்டியில்தான் போய் இறங்குவேன் என்று வாங்கிய அன்றைக்கே நாள் குறித்துவிட்டார்.

இப்போது மல்லேஸ்வரம் மண்டப வாசலில் நாதஸ்வரம் முழங்க, உறவுக்கூட்டம் வண்டியைச் சூழ்ந்துகொண்டது. கூட்டத்தில் டோரதியும் இருந்தாள். கிறிஸ்தவாளுக்குச் சகுனம் கிடையாது என்று விலக்கு அளித்து, வண்டியின் பெருமைக்குச் சாட்சி சொல்ல அவரே அழைத்திருந்தார். அவருடைய தங்கை சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோமளம் முன்கதவைத் திறந்து இறங்கினாள். அவர் பின்சீட்டில் மாலையோடு சாய்ந்தபடியே குரல் கொடுத்தார்.

"வாங்கோ டோரதி! இவாளுக்கு நீங்களே சொல்லுங்கோ. இதுல யார் யார் போயிருக்கா?"

டோரதியின் முகம் மாறியது. "மொதல்ல எறங்கி வாங்க சார். அப்புறம் பேசிக்கலாம்."

"ஆரத்தி எடுக்காம எறங்கறதாவது! இப்பவே சொல்லுங்கோ. எல்லாரும் கேக்கட்டும்."

அந்த நேரம் பார்த்துத்தான் கோமளத்தை மீறிக்கொண்டு அது வந்தது. ஒற்றைத் தும்மல். நாதஸ்வரக்காரர்கூட ஒரு கணம் மூச்சை நிறுத்தினார்.

"சனியனே! ஆயுஷ்ய ஹோமம் பண்ணப் போற வேளையில... என்னை வழியனுப்பி வைக்கணும்னே இத்தனை வருஷம் காத்துண்டிருந்தியா?"

இருநூறு பேர் பார்க்கக் கோமளம் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு தும்மலுக்கு அவ்வளவு சக்தி உண்டென்றால் இத்தனை வருஷமும் எதற்காக விழுங்கினோம் என்று முதல்தடவையாக ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பைக் கண்டு அவளே பயந்துபோனாள்.

டோரதி முன்னால் வந்து அவள் தோளில் கை வைத்தாள். பிறகு காருக்குள் குனிந்து, எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அவங்கள ஏன் சார் திட்டறீங்க? ஜட்ஜு, பிஷப்பு, கர்னலு எல்லாரும் இதுல படுத்துக்கிட்டுதான் கல்லறைக்குப் போனாங்க. பின்னால உக்காந்துக்கிட்டு வந்த மொத ஆளு நீங்கதான்!"